சேவலைப் பிடித்திருந்தவன்

தீவிலிருந்து லாஞ்சுப் படகு எட்டு மணிக்கு வரும் என்றார்கள். எட்டே முக்கால் ஆகிவிட்டது. தியாம் ஹோக் பினாங்குத் துறைமேடையின் பலகை விளிம்பில் நின்று கடலைப் பார்த்தான். பார்த்தது கடலை இல்லை, ஒரு சேவலை. கழுத்தில் சிவப்புத் துணி கட்டின சேவல். ஏழு வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. மணவறையில் அவனுக்குப் பதிலாக நின்றது அதுதான். சீனத்தில், அமோய் பக்கம் அவன் ஊரில், மாப்பிள்ளை கடல் கடந்து மாட்டிக்கொண்டு குறித்த நாளுக்கு வர முடியாமல் போனால் சேவலை வைத்துக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். பெண் சேவலோடு சேர்ந்து வானத்துக்கு ஒரு கும்பிடு, முன்னோருக்கு ஒரு கும்பிடு, மாமியாருக்கு ஒரு கும்பிடு. தீர்ந்தது. சாமிக்கும் ஊருக்கும் அவள் புருஷன் பினாங்கில் பாக்கு மூட்டைக்கு நடுவில் நிற்கிறவன்தான். இதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. சேவல்மேல் என்ன குறை. ஆனால் சேவல் தானாக நிற்காது. அதுதான் சங்கதி. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கும்பிடுகிற நேரத்தில் அதன் தலையை அமுக்கிக் குனிய வைக்க வேண்டும். பெண்ணுக்குப் பக்கத்தில், தோளுக்குத் தோள், சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருத்தன் நிற்க வேண்டும். நின்றான். ஆ லாய். இவன் கூடப்பிறந்த தம்பி. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயசு.

பதினெட்டு என்றால் பிள்ளையா? பிள்ளைதான். இல்லை, பிள்ளை இல்லை. தான் பதினெட்டில் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தான். ஊரைவிட்டுக் கிளம்பும்போது தம்பிக்கு எட்டு வயசு, மூக்கு ஒழுகும், அவ்வளவுதான் ஞாபகம். பதினேழு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவன் இருபத்தைந்து, அவள் இருபத்தாறு, இவன் நாற்பது. நாற்பது, தொந்தி, முன் மண்டையில் முடி இல்லை. அவர்கள் இரண்டு பேரும் ஏழு வருஷம் ஒரே கூரையின்கீழ். அம்மா இருந்தாள், சரி. அம்மாவுக்குக் கண் தெரியாது. கடைசி மூன்று வருஷம் சுத்தமாகத் தெரியாது. அம்மா போன வருஷம் செத்தாள். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு வீட்டில் யார்? பெரியம்மா வந்து படுத்துக்கொண்டாளாம், கடிதத்தில் எழுதியிருந்தான். கேட்காமலே எழுதியிருந்தான். கேட்காததை ஏன் எழுத வேண்டும்? கடிதம் எல்லாம் தம்பி கையெழுத்துதான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, வாத்தியாரிடம் மூன்று வருஷம் போன தம்பிக்குத் தெரியும். ‘அண்ணி நலம். சேவல் நலம்.’ மாதம் ஒன்று. கல்யாணச் சேவலை அறுக்கக் கூடாது, அது வீட்டு மாப்பிள்ளை மாதிரி, அவள் கட்டில் காலில்தான் கட்டியிருந்தார்கள். சேவல் நலம் என்று படிக்கும்போதெல்லாம் இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலாவது வருஷம் எழுதினான், ‘சேவல் இறந்துவிட்டது. அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. லாங்கன் மரத்தடியில் புதைத்தோம்.’ இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு கோழிக்காகவா? அப்புறம் புதைத்தது. குழி தோண்ட ஒரு ஆள் போதுமே. இன்னொரு ஆள் எதற்கு? செத்த சேவல் ஓடிவிடுமா, பிடித்துக்கொண்டு நிற்க? சாயங்காலமா, காலையிலா? அவள் அழுதபோது யார் தேற்றினார்கள்? அந்தக் கடிதத்தை அவன் மடித்து மடித்து, மடிப்பு கிழிந்தே போனது.

“என்ன தவுக்கே, பொண்டாட்டி வர்ற நாளு, மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய?”

மதார்சா ராவுத்தர். சீன முதலாளி என்றால் அவருக்குத் தவுக்கேதான். பதினாலு வருஷப் பழக்கம். இவன் பாக்கு மூட்டைகளை நாகப்பட்டினம் போகிற கப்பலுக்குத் தோணியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். அவரிடம் பேசிப் பேசித்தான் இவனுக்குத் தமிழ் வந்தது. பாதித் தமிழ், பாதி மலாய், மிச்சம் கை ஜாடை.

“லாஞ்சு லேட்டு.”

“வரும், வரும். ஒம்பது நாளு தீவுல அடைச்சுப் போட்டுட்டானுவ, இனி ஒரு மணி நேரத்துல என்னா குடி முழுகிப்போவுது?” ராவுத்தர் வெற்றிலையைக் கடலில் துப்பினார். “தம்பியும் கூட வருதாமுல்ல?”

“வருது.”

“கடைக்கு ஒரு ஆளாச்சு. கூலிக்கு வர்றவன் கூடப்பொறந்தவன் ஆவானா? ஆனா எங்க படுக்க வைப்பிய? மாடியில ரெண்டு அறைதானே. நடுவுல பலகைத் தடுப்பு. புது மாப்பிள்ளை தும்முனா அடுத்த அறையில கேக்கும்.” சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

தியாம் ஹோக் சிரிக்கவில்லை. “தம்பி தங்காது.”

“பின்ன?”

“தொங்கா போவுது. ஈயச் சுரங்கம். வேலை சொல்லியாச்சு. பத்தரை கப்பல்.”

“இன்னைக்கேவா?” ராவுத்தர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “பதினேழு வருஷம் கழிச்சு வர்ற புள்ளைக்கி ஒரு வாய் சோறு போடாம, கரையில கால் வச்சதும் அடுத்த கப்பலா? இதுவும் உங்க ஊரு சடங்கா தவுக்கே?”

“நல்ல வேலை.”

“நல்ல வேலைதான். போன வருஷம் எங்க ஆளுவ நாலு பேரு போனானுவ. ரெண்டு பேரு திரும்புனானுவ.” மேலே சொல்ல வாயெடுத்தவர், தோணிக்காரன் ஒருவன் கூப்பிடவும் போனார்.

சயாம் கரைத் தொங்காவுக்கான கப்பல் சீட்டு சட்டைக்குள் இருந்தது. நேற்று வாங்கினது. அந்தக் காகிதம் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுத்து மறுபடி வைத்தான். தப்பு ஒன்றும் இல்லை. தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுக்கிற அண்ணன் கெட்டவனா? கடையில் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்கு எழுதியது உண்மைதான். அம்மா இருந்தபோது எழுதியது. ராவுத்தருக்கு என்ன தெரியும்? ஒன்பது நாள் தீவு என்கிறார், அந்த ஒன்பது நாளும் இவன் பட்டது அவருக்குத் தெரியுமா? அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்ப்பதற்காக கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து வருகிறவர்களை எல்லாம் தீவில் இறக்கிக் கொட்டகையில் வைத்துவிடுகிறான் வெள்ளைக்காரன். இரண்டாம் நாளே இவன் துறைமுக ஆபீசுக்குப் போய் நின்றான். ஆம்பளைக் கொட்டகை வேறு, பொம்பளைக் கொட்டகை வேறா? வேறுதான் என்றான் கிளார்க்கு. நடுவில் வேலி உண்டா? கிளார்க்கு பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவனை ஒரு பார்வை பார்த்தான். வேலி உண்டு. தண்ணீர் பிடிக்கிற குழாய்? கிளார்க்கு எழுந்து உள்ளே போய்விட்டான். குழாய் ஒன்றா இரண்டா என்று இன்றைக்கு வரை தெரியாது. ஒன்றாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் இரண்டு குழாய் போட மாட்டான். அவள் வாளியோடு வருவாள், அவன் வாங்கிப் பிடிப்பான், பிடிக்கிறதுதான் அவனுக்குக் கைவந்த வேலையாயிற்றே, அன்றைக்குச் சேவல், இன்றைக்கு வாளி. கப்பலில் பன்னிரண்டு நாள் வேறு. மேல்தட்டில் பாய்க்குப் பாய் ஒரு முழம் கூட இருக்காது. அண்ணிக்கு ஒதுக்குப்புறமாக இடம் பிடித்துக் கொடுத்தேன் என்று எழுதுவான். எழுதட்டும்.

ஒரு காரியம் செய்திருந்தான். யாருக்கும் தெரியாது, தெரிந்தால் தெருவே சிரிக்கும். போன மாதம், அவர்கள் கிளம்புகிறார்கள் என்று கடிதம் வந்த அன்றைக்கு, சந்தையில் போய் ஒரு சேவல் வாங்கினான். கிடங்குக்கு வந்து கதவை உள்பக்கம் தாழ் போட்டான். பாக்கு வாசனை, சாக்கு வாசனை, ஓட்டு இடுக்கு வழியாக ஒரே ஒரு வெயில் கம்பி. சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பிடித்திருப்பவன் குனியாமல் சேவலை மட்டும் குனிய வைக்க முடியுமா? முடியும் என்றால் அன்றைக்குக் கும்பிட்டது சேவல். முடியாது என்றால்? தலையில் கையை வைத்து அமுக்கினான். அது கொத்தியது. இறக்கையை அடித்தது, தூசி கிளம்பியது. கையை நீட்டித் தூரமாகப் பிடித்து அமுக்கிப் பார்த்தான், கால் நகம் மணிக்கட்டைக் கீறியது. சேவல் கழுத்து அமுக்க அமுக்க எகிறுகிற சாதி. கடைசியில் இடுப்பை வளைத்து, அதையும் அணைத்துக்கொண்டு, தானும் சேர்ந்து குனிந்தபோதுதான் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். வானத்துக்கு, முன்னோருக்கு, அம்மாவுக்கு. மூட்டைகளைப் பார்த்து. மூன்றாவது தரம் நிமிரும்போது அவனுக்கு மூச்சிரைத்தது. குனியாமல் முடியாது. தம்பி குனிந்திருக்கிறான். அவளோடு சேர்ந்து குனிந்து, சேர்ந்து நிமிர்ந்திருக்கிறான். சேவலை அப்போதே கறிக்குக் கொடுத்துவிட்டான், அவன் தொடவில்லை.

கோயிலுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தான் அதற்குப் பிறகு. அவள் வந்ததும் நான் நேரில் நின்று இன்னொரு தரம் கும்பிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளலாமா? பூசாரிக் கிழவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். அவள் யார் பெண்டாட்டி? என் பெண்டாட்டி. அப்புறம் எதற்குக் கல்யாணம்? கல்யாணம் ஆனவளுக்கு மறு கல்யாணம் பண்ணினால் அவள் அறுத்துக் கட்டினவள் ஆகிவிடுவாள், முதல் புருஷன் செத்ததாக அர்த்தம், முதல் புருஷனும் நீதான், செத்துவிட்டாயா? போ, போ, ஊதுபத்தியை அணைய விடாதே. அவ்வளவுதான். கதவு சாத்தியாகிவிட்டது. அந்த ஒரு காலைப்பொழுது போனது போனதுதான், அதைத் தம்பி வைத்துக்கொண்டிருக்கிறான், திருப்பித் தரவும் மாட்டான், தரவும் முடியாது. யார் வைத்துக்கொள்ளச் சொன்னது? இவன்தான். அந்த வருஷம் பாக்கு நன்றாகக் காய்த்திருந்தது, நாகப்பட்டினத்துக்கு இரண்டு கப்பல் ஒரே மாதத்தில், விட்டால் அடுத்த கடைக்காரன் பிடித்துக்கொள்வான். ‘சேவலை வைத்து முடியுங்கள்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டது இவன் கை. அதற்கு அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் ஒரு சயாம்காரி வந்து சேர்ந்தாள், மூன்று வருஷம் சமைத்துப் போட்டாள், ஒருநாள் சொல்லாமல் போனாள். அது வேறு கதை. ஆம்பளை கதை. அதையும் இதையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. ஆக்கவும் இல்லை, தானாக ஒட்டிக்கொண்டு வந்தது, தட்டிவிட்டான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாஞ்சு வந்தது. வராமலே இருந்திருந்தால் தொங்கா கப்பல் தவறியிருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அது ஆசையா பயமா என்று பார்ப்பதற்குள் பலகை போட்டுவிட்டார்கள். சுண்ணாம்பும் மருந்தும் நாறிக்கொண்டு ஜனம் இறங்கியது. தியாம் ஹோக் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றான். முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் இவனைப் பார்க்கும் முன்னால் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்காகத்தான் ஏழு வருஷம். தம்பியைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை, அப்பாவின் காது, அப்பாவின் நடை, தோள் மட்டும் அப்பாவுக்கு இருந்ததைவிட அகலம். அகலமான தோள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவனுக்குப் பத்தடி பின்னால் நீலச் சட்டையில் ஒரு பெண், கையில் மூட்டை. சுவீ கிம். பெயரைப் பதினைந்து ஆண்டு சொன்னவன்போல் மனசுக்குள் சொன்னான், சொல்லிக் கூசினான். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை. இறங்கும்போது அவள் கால் வழுக்கியது, அவன் திரும்பவில்லை, வேறு ஒரு கிழவி பிடித்துக்கொண்டாள். பத்தடி. ஏன் பத்தடி? ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் பக்கத்தில் நடப்பான், விழுகிற அண்ணியைத் தாங்குவான். முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு நடக்கிற நடை இது. ஐந்தடி என்றால் நம்பியிருப்பான். இல்லை, ஐந்தடி என்றால் அப்போதே கழுத்தைப் பிடித்திருப்பான்.

தம்பி நேராகப் போய், சுருட்டோடு நின்ற வேறொரு தொந்திக்கார வியாபாரிக்கு முன்னால் பொத்தென்று மண்டியிட்டான். “அண்ணே!” அந்த ஆள் பதறிப் பின்வாங்கினான். “யாருடா நீ? எழுந்திரு, எழுந்திரு!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள், தூணுக்குப் பின்னால் நிற்கிறவனிடம் நேராக வந்தாள், குனிந்து கும்பிட்டாள்.

“எப்படித் தெரிஞ்சது?” அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“நீங்க அனுப்பின போட்டோ இருக்கே. தினமும் அதுக்குத்தான் விளக்கு வைக்கிறது.”

தம்பி ஓடிவந்தான், முகமெல்லாம் வெட்கம். “அண்ணே, மன்னிச்சுக்கங்க, நான் வந்து...”

“சரி, சரி. உடம்பு நல்லாயிருக்கா?”

“இருக்குண்ணே.”

“தொங்காவுல வேலை சொல்லியிருக்கேன். சுரங்கத்துல மேஸ்திரிக்கு உதவியா. கப்பல் அந்தா, அடுத்த துறையில நிக்குது. பத்தரைக்கு.” சீட்டை எடுத்து நீட்டினான். நெஞ்சு வியர்வையில் அது ஈரமாக இருந்தது. “இது மேஸ்திரிக்கு எழுதின கடுதாசி.”

ஆ லாய் சீட்டைப் பார்த்தான். “இன்னைக்கா அண்ணே?”

“இன்னைக்கு.”

“கடையை ஒரு எட்டுப் பார்த்துட்டு...”

“கடை எங்கயும் ஓடிப்போகாது.”

தம்பி தலையை ஆட்டினான். அண்ணியைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான். “சரிண்ணே. நீங்க சொன்னா சரி.” மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். பாரு, எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. மடியில் கனமில்லாதவன் சண்டை போட மாட்டானா? ஏன் அண்ணே என்னை விரட்டுகிறாய் என்று கேட்க மாட்டானா? அவள் வாய் திறக்கிறாளா என்று பார்த்தான். அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, இஞ்சித் துண்டு மாதிரி எதையோ எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். விரல் பட்டதா? படவில்லை. பட்டது. தம்பி அடுத்த துறைக்கு நடந்தான். அவளோடு ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து தெரு முனை திரும்பும்வரை அதுதான் ஓடியது, பட்டதா படவில்லையா. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தான். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் திரும்பவில்லை. அதுவும் நெஞ்சை அரித்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு திரும்பாமல் இருக்கிறாள். அவ்வளவு கல் எதற்கு வேண்டியிருக்கிறது?

“என்ன கொடுத்தே?”

“இஞ்சி.”

“எதுக்கு?”

“கப்பல் ஆகாது தம்பிக்கு. பன்னெண்டு நாளும் வாந்தி. தண்ணி கூடத் தங்கலை. சட்டி பிடிச்சது நான்தான்.” அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள், கடைகள், மாட்டு வண்டி, வெயில். “தீவுலயும் ஆஸ்பத்திரிக் கொட்டகையிலதான் போட்டிருந்தாங்க. நேத்துத்தான் எழுந்து நடந்துச்சு. சொல்லாதீங்க அண்ணின்னுச்சு. அண்ணன் நம்மளச் சீக்காளின்னு நினைச்சுருவாருன்னு.”

தியாம் ஹோக் முடிச்சு அவிழ்ந்திருந்த அவள் மூட்டையைப் பார்த்தான்.

“கப்பல்ல ஒருநாள் அழுதுச்சு. என்ன தம்பின்னா, அண்ணன் முகம் மறந்துபோச்சு, எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது, துறையில எப்படிக் கண்டுபிடிப்பேன்னு. இவ்வளவு பெரிய ஆள், வாந்தியும் அழுகையும். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. போட்டோவைக் காட்டுறேன்னேன். வேணாம்னுச்சு. அது அண்ணியோடது, நான் பார்க்கக் கூடாதுன்னுச்சு. வீட்டுலயும் அப்படித்தான். நான் சமையக்கட்டுல இருந்தா கிண்ணத்தை எடுத்துட்டு வெளி முத்தத்துக்குப் போயிடும். மழையானாலும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இன்னும் எத்தனை நாள் அந்தக் கப்பல்?”

“ரெண்டு.”

“ரெண்டு நாள்,” என்றாள்.

அவன் ரிக்‌ஷாக்காரனின் முதுகில் தட்டினான். திருப்பு. ரிக்‌ஷாக்காரன் புரியாமல் பார்த்தான். “திருப்புடா! துறைக்கு!” வெயில் முகத்தில் அடித்தது. சட்டி பிடித்தாள். முற்றத்தில் சாப்பிட்டான். மழையில். தொங்காவில் நாலு பேர் போனால் இரண்டு பேர். ஓடு, ஓடு. கடையிலேயே படுக்கட்டும், கீழே, மூட்டைகளுக்கு நடுவில். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வேண்டாம், கீழே. அது போதும். பன்னிரண்டு நாள் சட்டி பிடித்தாள். நெற்றியையும் பிடித்திருப்பாள். வாந்தி எடுக்கிறவனுக்கு நெற்றியைப் பிடிக்க வேண்டும், யாரானாலும் பிடிப்பார்கள். ஓடுடா. பிடித்தாளா என்று கேட்கக் கூடாது. கேட்க மாட்டான். ஒருநாளும் கேட்க மாட்டான்.

கப்பலின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கரையிலிருந்து முப்பது கஜம் போயிருக்கும். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், முகம் இப்போதே வெளுத்திருந்தது. தியாம் ஹோக் பலகைமேல் ஓடினான், தொந்தி குலுங்க, இரண்டு கையையும் தலைக்குமேல் வீசிக்கொண்டு. “லாய்! இறங்குடா! போகாதே, திரும்பி வா!” சங்கு ஊதியது, ஒன்றும் கேட்டிருக்காது. தம்பி இவனைக் கண்டான். கண்டதும் முகம் முழுக்க ஒரு சிரிப்பு. அண்ணன் வழியனுப்ப ஓடிவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் போல. கம்பியை விட்டுவிட்டு அவனும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான், எட்டு வயசுப் பையன் மாதிரி குதித்து ஆட்டினான். இவன் வா வா என்று வீச வீச அவன் இன்னும் வேகமாக ஆட்டினான். அவள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். தியாம் ஹோக்குக்குக் கண்ணில் தண்ணீர், லாய், லாய் என்று கத்தினான். கத்திக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்தான், எழும்புகிறதா என்று.